துருப்பிடித்த எஃப்ஜே45: கையில் காசு குறைவு, எங்கிருந்து தொடங்குவது?

மண்சாலை:
எல்லோருக்கும் வணக்கம். எழுபதுகளின் நடுவில் வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே45 பிக்கப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஆறு சிலிண்டர் 2எஃப் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பல வருடம் திறந்தவெளியில் நின்ற வண்டி. ஓட்டுநர் காலடித் தகட்டில் ஓட்டை, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி ஓரம் மெலிந்துவிட்டது, பின்தொட்டியின் தரை உதிர்கிறது, சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், செதில் செதிலாகத் துரு. எஞ்சின் சுற்றவில்லை.

மாதம் கொஞ்சம்தான் ஒதுக்க முடியும். கண்காட்சிக்கு வைக்கிற வண்டி வேண்டாம், மண்பாதையில் ஓடி ஒழுங்காக நிற்கிற வண்டி வேண்டும். கிரைண்டர், ஸ்பானர் செட், ஜாக்கி, இரவல் வாங்கக்கூடிய ஒரு மிக் வெல்டிங் இயந்திரம் இருக்கின்றன. மொத்தமாகப் பிரித்துப் போட்டு மணல் பீய்ச்சி அடிமுதல் கட்டுவதா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாகப் போவதா? செலவை எந்த வரிசையில் வைப்பீர்கள்?

பழையஇரும்பு:
நல்ல வண்டி பிடித்திருக்கிறீர்கள் தம்பி. முதல் வாரம் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். ஒரு சின்னச் சுத்தியல், கூர்மையான ஸ்க்ரூடிரைவர், சாக்பீஸ், டார்ச் போதும். அடியில் படுத்து சேஸ் முழுவதையும் கைப்பிடி அளவு இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்துப்போன இடம் மந்தமாகச் சத்தம் தரும். மந்தமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

பெட்டி மாதிரி மூடியிருக்கிற பகுதிகள் உள்ளிருந்து வெளியே அரிக்கும் என்பதை மறக்க வேண்டாம். வெளியில் பெயின்ட் நன்றாக இருக்கும், உள்ளே சேறு தங்கி ஈரம் பிடித்து மூன்று மி.மீ. தகடு ஒரு மி.மீ. ஆகியிருக்கும். கமான் பட்டை (வில் மாதிரி வளைந்த ஸ்பிரிங்) தாங்கிகளுக்கு மேலே, குறுக்குச் சட்டம் சேரும் இடம், ஸ்டீயரிங் பெட்டி சேஸில் போல்ட் ஆகிற இடம், பின்பக்கக் கடைசிக் குறுக்குச் சட்டம், பாடி ரப்பர் உட்காரும் தாங்கிகள். இந்த ஐந்தையும் இரண்டு தடவை பாருங்கள். ஸ்டீயரிங் பெட்டியைச் சுற்றித் துருவை விட விரிசல்தான் முக்கியம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் பார்த்தால்தான் மயிரிழை விரிசல் தெரியும்.

அப்புறம் சேஸின் மூலைவிட்ட அளவு. முன்பக்க இடது கமான் தாங்கி போல்ட்டிலிருந்து பின்பக்க வலது தாங்கி வரை டேப் பிடியுங்கள், பிறகு எதிர்ப்பக்கம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் வண்டி எங்கோ இடித்திருக்கிறது, மற்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்குப் பதில் வேண்டும்.

இதைச் செய்துவிட்டு வட்டம் போட்ட இடங்களை எழுதுங்கள், செலவு வரிசையை அதை வைத்துப் பேசலாம்.

கிராங்க்கை:
மொத்தமாகப் பிரிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். பணமும் இடமும் குறைவாக இருக்கிறவர் பிரித்த வண்டி பெரும்பாலும் பெட்டி பெட்டியாகத்தான் விற்பனைக்கு வருகிறது. சக்கரத்தில் நிற்கிற வண்டியைத் தள்ளி ஓரம் வைக்கலாம், உதிரியாகக் கிடக்கிற வண்டியில் ஒரு பாகம் தொலைந்தாலும் வேலை நின்றுவிடும், மறுபடி எது எங்கே போகும் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரு பகுதியைக் கழற்று, முடி, மாட்டு, அடுத்ததற்குப் போ.

புழுதிக்காற்று:
கொஞ்சம் மறுக்கிறேன். சேஸ் செதில் விட்டிருக்கிறது என்றால் பாடியைத் தூக்காமல் அதன் மேல்பக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? பாடி ரப்பர்களுக்கு அடியில் இருக்கிற தாங்கிகளில்தான் ஈரம் தங்கும். கையெட்டாத இடத்தில் துருவை விட்டுவிட்டு மீதியைக் கறுப்படித்தால், ஐந்து வருடம் கழித்து அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும், அதுவும் செலவுதானே. பாடியைத் தூக்குவது அவ்வளவு பெரிய வேலை இல்லை, பிக்கப்பில் கேபினும் தொட்டியும் தனித்தனி. தொட்டியை நான்கு பேர் தூக்கிவிடலாம்.

கிராங்க்கை:
தொட்டியைத் தூக்குவதில் எனக்கு மறுப்பே இல்லை, அது நல்ல யோசனை. பின்சேஸ் முழுவதும் திறந்துவிடும். கேபினைத் தூக்கினால் வயரிங், ஸ்டீயரிங் தண்டு, பெடல், கிளட்ச் குழாய், ஹீட்டர், வேகமானி கேபிள் எல்லாம் கழல வேண்டும், அங்கேதான் பலர் சிக்குகிறார்கள். தொட்டியைத் தூக்குங்கள், கேபினை அப்படியே விட்டு பாடி போல்ட்டுகளை ஒரு பக்கமாகத் தளர்த்தி ஜாக்கியில் இரண்டு அங்குலம் உயர்த்தி மரக்கட்டை வையுங்கள். பிரஷ் நுழைகிற இடைவெளி கிடைக்கும். உயர்த்தும்போது ரேடியேட்டர் குழாயையும் கியர் கம்பியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு வருகிறேன். சுற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. ஆறு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றி விட்டுவிடுங்கள், ஒரு வாரம் ஊறட்டும், நடுவில் மறுபடி ஊற்றுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரே பக்கமாக முழு பலத்தையும் போட்டால் ரிங் உடையும். அசையத் தொடங்கியதும் வால்வு மூடியைக் கழற்றிப் பாருங்கள், பன்னிரண்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று. ஒன்று மேலேயே மாட்டிக்கொண்டிருந்தால் அப்படியே சுற்றி புஷ்ராடை வளைத்துவிடாதீர்கள்.

2எஃப் முரட்டு எஞ்சின். இரும்பு பிளாக், இரும்பு ஹெட், கேம்ஷாஃப்டைச் சுற்றுவது பல்சக்கரம், அறுந்துபோக செயினோ பெல்ட்டோ கிடையாது. அதனால் கழற்றுவதற்கு முன் சுருக்கச் சோதனை செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேஜ் வைத்துப் பாருங்கள். எண் குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். நெடுநாள் நின்ற எஞ்சினில் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு ரிங் விடுபட்டு எண் தானாகவே ஏறுவதும் உண்டு. முதல் நாள் வந்த எண்ணைப் பார்த்து எஞ்சினைப் பிரிக்கக் கிளம்ப வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய பெட்ரோல் டேங்கை நம்பாதீர்கள், தனி கேனில் புதுப் பெட்ரோல், புதுக் குழாய். பழைய ரப்பர் குழாய்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உதிரும், அத்தனையையும் மாற்றுங்கள், செலவு குறைவு, தீ விபத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மூன்றாம்கியர்:
வரிசை கேட்டீர்களே, நான் வைக்கிற வரிசை இது. சேஸ், பிரேக், ஸ்டீயரிங், டயர், பிறகு எஞ்சின், பிறகு வயரிங், அதற்கப்புறம் தரைத் தகடு, கடைசியாகப் பெயின்ட். பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள், பெயின்டடித்த படம் எடுக்க ஆசை. பளபளக்கிற வண்டியில் பிரேக் குழாய் துரு தின்று வெடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பிரேக்கில் பாதி வேலை வேண்டாம். ரப்பர் ஹோஸ் வெளியில் நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைக்கும், மிதித்தால் போகும், விட்டால் திரும்பாது. எல்லா ஹோஸும் புதிது. இரும்புக் குழாய்க்குப் பதில் தாமிர நிக்கல் கலவைக் குழாய் போடுங்கள், கையால் வளையும், துருப்பிடிக்காது. முனையை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிரேக்குக்கு ஆகாது. வீல் சிலிண்டர் உள்சுவரில் விரல்நகம் தட்டுகிற குழி இருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றுங்கள் அல்லது லேத்தில் உள்குழாய் போடக் கொடுங்கள். கிளைக்கோல் வகை பிரேக் திரவம், அதாவது டாட் 3, டாட் 4, காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாட் 5 சிலிகான் வகை, அதை இவற்றோடு கலக்கக் கூடாது.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

நீலச்சுடர்:
ரிம் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கவில்லையே. இந்தப் பிக்கப்களில் பூட்டு வளையம் போட்ட, துண்டாகப் பிரிகிற ரிம் நிறைய வந்தது. மண்சாலை, உங்கள் சக்கரத்தில் டயர் ஓரத்தை ஒட்டி தனி இரும்பு வளையம் தெரிந்தால் கை வைக்காதீர்கள். துருப்பிடித்த வளையம் காற்றடிக்கும்போது பறந்தால் ஆளைக் கொல்லும், கொன்றிருக்கிறது. சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் விடுங்கள். காற்றடிப்பது இரும்புக் கூண்டு உள்ள இடத்தில், அனுபவமுள்ளவர் கையால் மட்டும். அந்த ரிம்மில் வெல்டிங்கும் கூடாது. என்னைக் கேட்டால் செகண்ட் ஹேண்டில் ஒற்றைத்துண்டு ரிம் ஐந்து தேடுங்கள், மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

மண்சாலை:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ரிம் பார்த்தேன், பூட்டு வளையம்தான். அப்படியே விட்டிருக்கிறேன், ரிம் தேடுகிறேன்.

பழையஇரும்பு அண்ணா, தட்டிப் பார்த்தேன். மூலைவிட்டம் ஒத்துப்போகிறது. ஸ்டீயரிங் பெட்டிப் பக்கம் சுத்தமாகத் தேய்த்தேன், விரிசல் இல்லை. மந்தமான சத்தம் மூன்று இடத்தில்: பின்பக்கக் குறுக்குச் சட்டம் கிட்டத்தட்ட முழுவதும், வலது பின் கமான் தாங்கிக்கு மேலே சேஸின் அடித்தகடு உள்ளங்கை அளவு, இடது பக்கம் ஒரு பாடி தாங்கி. மற்ற இடத்தில் செதில் உதிர்ந்தாலும் உள்ளே கெட்டியாக இருக்கிறது.

இப்போது கேள்வி. துருவை எடுக்க எது மலிவு? துரு மாற்றி என்று விற்கிறார்களே, அதை அடித்துவிட்டால் போதுமா?

பழையஇரும்பு:
மூன்று இடம் என்றால் நிம்மதியாக இருங்கள், நல்ல சேஸ்.

துரு மாற்றி எதற்கு என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும், துருவை இரும்பு பாஸ்பேட்டாக அல்லது கறுத்த டானேட்டாக மாற்றும். மெல்லிய, ஒட்டியிருக்கிற துருவில் நன்றாக வேலை செய்யும். செதிலுக்கு மேலே ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் பழைய துரு இருந்தபடி இருக்கும், கொஞ்ச நாளில் பெயின்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கிற பொருள், அதனால்தான் இரண்டு தகட்டின் நடுவில் புகுந்தால் ரிவெட்டையே பிளக்கிறது. முதலில் உளியும் சுத்தியலும் வைத்துச் செதிலை உதிர்த்து, முறுக்கிய கம்பிச் சக்கரத்தைக் கிரைண்டரில் போட்டுத் தேய்த்து, குழிகளுக்குள் மட்டும் மாற்றி தடவுங்கள். முகக்கவசம் அவசியம், அந்தக் கம்பி தெறித்துத் தோலில் குத்தி நிற்கும், கண்ணில் பட்டால் அவ்வளவுதான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் பெயின்டை நனைத்த உப்புத்தாளில் தேயுங்கள், மூக்குக்கும் நல்ல வடிகட்டி வேண்டும்.

கழற்றிய சின்ன பாகங்களுக்கு மின்பகுப்பு முறைதான் என் விருப்பம். பிளாஸ்டிக் தொட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் ஐந்து கிராம் சலவை சோடா, பன்னிரண்டு வோல்ட் சார்ஜர். சார்ஜரின் மைனஸ் முனை உங்கள் பாகத்தில், பிளஸ் முனை வேண்டாத இரும்புத் தகட்டில். மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும். இது நேர்ப்பார்வையில் வேலை செய்வது, தகடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் துரு இளகும், அதனால் சுற்றி வையுங்கள். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வைக்காதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். அலுமினியப் பாகம் உள்ளே போகக் கூடாது. ஹைட்ரஜன் வரும், காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல். நல்ல இரும்பை இது தின்னாது, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று சிலர் செய்கிறார்கள், நான் பார்வையில் வைத்துத்தான் செய்வேன்.

புழுதிக்காற்று:
மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கரைசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரக்கணக்கில் ஊற வேண்டும், நாற்றம் சகிக்க வேண்டும், ஆனால் மின்சாரமும் இல்லை, மூலை முடுக்கெல்லாம் போகும். கதவுக் கீல், தாழ்ப்பாள், பெடல் சட்டம் எல்லாம் அருமையாக வரும். வினிகரும் சின்ன சாமானுக்கு ஓகே, எடுத்ததும் சமையல் சோடா தண்ணீரில் கழுவிக் காயவைத்து உடனே பிரைமர். கமான் பட்டையையும் அதிக இழுவிசை போல்ட்டுகளையும் எந்த அமிலத்திலும் போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

பெட்டிச் சேஸுக்குள் கழிவு எஞ்சின் ஆயில் அடிக்கலாம், மலிவான பாதுகாப்பு.

நீலச்சுடர்:
கழிவு ஆயில் வேண்டாம் நண்பரே. ரப்பரைக் கெடுக்கும், மண்ணில் சொட்டும், தோலுக்கும் கேடு, எல்லாவற்றுக்கும் மேல் பின்னால் யாராவது வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். மெழுகு வகைத் திரவம் நீளக்குழாயோடு கிடைக்கும், உள்ளே பீய்ச்சினால் ஈரத்தை விலக்கி உறையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைவிட முதலில் செய்ய வேண்டியது வடிகால் துளைகளைத் திறப்பது, அது இலவசம். துளை அடைபட்ட சேஸில் எதை அடித்தாலும் உள்ளே சேறு ஊறும்.

வெல்டிங் வேலைக்கு வருகிறேன் மண்சாலை. வலது தாங்கிக்கு மேலே உள்ள இடம்தான் மூன்றிலும் கவனம் வேண்டியது, வண்டியின் பின் எடையைத் தாங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஓட்டைக்கு மேலே தகடு ஒட்டி மூடாதீர்கள், இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் தங்கி முன்பைவிட வேகமாக அரிக்கும். பளபளக்கிற நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள், அதே தடிமனில் தகடு வெட்டி விளிம்புக்கு விளிம்பு சேர்த்து, கொஞ்சம் இடைவெளி விட்டு முழு ஊடுருவலோடு வையுங்கள். மேலே வலுத்தகடு வைக்க வேண்டி வந்தால் அதன் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள், சேஸுக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் ஓடினால் அந்தக் கோட்டிலேயே பின்னால் விரிசல் விடும். வேலைக்கு முன் பின்ஆக்சிலில் எடை இல்லாதபடி சேஸை இரண்டு பக்கமும் சமமாகத் தாங்கி, மூலைவிட்டம் அளந்து, குறுக்கே ஒரு கோண இரும்பைத் தற்காலிகமாகப் பிடித்துவிடுங்கள்.

பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கக் கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, அதில் இருப்பது ஆவி. பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும், இதை நிறையப் பேர் அறியாமல் செய்கிறார்கள்.

நீங்கள் இதுவரை வெல்டிங் வைத்ததில்லை என்றால் தரைத் தகடும் பாடி தாங்கியும் நீங்கள் செய்யுங்கள், கமான் தாங்கியை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெட்டுவது, சுத்தம் செய்வது, தகடு பொருத்தி வைப்பது வரை நீங்களே முடித்துவிட்டால் அவருக்கு அரைநாள் வேலைதான், கூலியும் அதற்கேற்றபடி குறையும்.

மூன்றாம்கியர்:
தரைத் தகட்டில் ஒரு விஷயம். கதவுக்குக் கீழே உள்ள படியையும் தரையையும் சேர்த்து வெட்டுவதானால், கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் புள்ளி வெல்டிங் பிடித்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் கேபின் இறங்கி கதவு பூட்டாது. மெல்லிய தகட்டில் தொடர்ச்சியாக ஓட்ட வேண்டாம், புள்ளி புள்ளியாக, ஒன்று இங்கே என்றால் அடுத்தது தள்ளி, ஆறவிட்டு ஆறவிட்டு. 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி போதும்.

பட்டி பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். துரு மேலேயோ ஓட்டை மேலேயோ பட்டி வைத்த வண்டிதான் அடுத்தவர் தலையில் கட்டப்படுகிறது. நல்ல தகட்டில் எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல் மெல்லிசாகப் பட்டி. சாதாரணச் சாம்பல் பிரைமர் தண்ணீரைத் தடுக்காது, "பெயின்ட் பிறகு பார்க்கலாம்" என்று அதோடு மழையில் விட்டால் அடியில் துரு கிளம்பிவிடும். எபாக்ஸியோடு நிற்கலாம், கொஞ்ச காலத்துக்கு ஒன்றும் ஆகாது, வெயிலில் மட்டும் நாளடைவில் மாவு மாவாகும்.

மேல் பெயின்டுக்கு எனாமலை நுரை ரோலரில் மெல்லிய பூச்சுகளாக உருட்டி, நடுவில் நனைத்துத் தேய்த்தால் இந்த மாதிரி வேலைக்கார வண்டிக்கு மிக அழகாக இருக்கும். இரண்டு பொருள் கலந்து அடிக்கிற பெயின்டில் ஐசோசயனேட் உண்டு, வெளிக்காற்று வருகிற முகமூடி இல்லாமல் வீட்டில் ஸ்பிரே செய்யக் கூடாது.

மண்சாலை:
முடிவு செய்துவிட்டேன். கேபினைக் கழற்றப் போவதில்லை. தொட்டியை மட்டும் தூக்கி, பின்சேஸ் முழுவதும் சுத்தம் செய்து, வலது தாங்கியைத் தெரிந்தவரிடம் கொடுக்கிறேன். குறுக்குச் சட்டத்துக்குத் தயாராக விற்கிற பாகத்தை வாங்காமல் அதே தடிமனில் தகடு மடக்கி வாங்கலாம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு பிரேக் முழுவதும். எஞ்சினில் ஏடிஎஃப் ஊற்றியாகிவிட்டது, அது தன்பாட்டுக்கு ஊறட்டும்.

இரண்டு சந்தேகம். தொட்டியைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் துருவில் உருகி ஒன்றாகிவிட்ட மாதிரி இருக்கின்றன, எப்படி எடுப்பது? கியர்பாக்ஸில் எந்த ஆயில்? கியர் ஆயில் தர வகைகளில் ஜிஎல்-5 தான் உயர்ந்தது என்று கடையில் சொன்னார்கள்.

கிராங்க்கை:
ஆயிலில் எண் பெரிது என்பதால் பொருத்தம் என்று ஆகாது. ஜிஎல்-5 இல் உள்ள கந்தகச் சேர்மங்கள் பல பழைய கியர்பாக்ஸ்களில் கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்குகிற பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும். கியர்பாக்ஸுக்கும், முன்பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் ஜிஎல்-4, முன்பின் ஆக்சிலில் உள்ள டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. வடிக்கும்போது ஆயில் பால் மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மலிவு ஆயில் ஊற்றி ஓட்டி மறுபடி வடியுங்கள். இன்னொன்று, வடிகால் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால் நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் காலிப் பெட்டியோடு நிற்க வேண்டியிருக்கும்.

பழையஇரும்பு:
போல்ட்டுக்கு அவசரம் கூடாது. ஏடிஎஃப்பும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள், கலவை பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், தீக்கு அருகில் கூடாது. மாலையில் விட்டு, சுத்தியலால் போல்ட் தலையில் நேராக நான்கு தட்டு, மறுநாள் காலையில் மறுபடி. ஆறுமுனை சாக்கெட்தான் போட வேண்டும், பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை உருட்டிவிடும். முதலில் சற்று இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். அதற்கும் வரவில்லை என்றால், எண்ணெயைத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் சுடவைத்துத் திருப்புங்கள். பாடி ரப்பர் பக்கத்திலேயே இருக்கிறது, அது எரிந்தால் புகை மோசம், எப்படியும் ரப்பர் புதிதுதானே போடப் போகிறீர்கள், அதனால் தொட்டி போல்ட்டுகளைப் பொறுத்தவரை நட்டைக் கிரைண்டரில் இரண்டாகப் பிளந்து எடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட வேகம். புதுப் போல்ட் போடும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள்.

மடக்கிய தகடு நல்ல யோசனை. வாங்கும்போது அடிப்பக்கம் இரண்டு மூலையிலும் வடிகால் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள், பழைய சட்டம் அழுகியதே அங்கே தண்ணீர் நின்றதால்தான். உள்பக்கம் பிரைமர் அடித்து, வெல்டிங் விளிம்பில் மட்டும் துத்தநாகப் பிரைமர் பூசி வையுங்கள், சேர்த்த பிறகு உள்ளே கை போகாது.